அந்தச் சேலை என்ன நிறம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, என் மகன் தன் மடிக்கணினியில் எனக்கு ஒரு வானவில்லைக் காட்டினான். கறுப்பு வெள்ளை வானவில். கார்ட்டூன்தான். அதில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துச் சொக்கி நிற்கிறார்கள், இப்படி ஒன்றைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை என்கிற மாதிரி. நம் கண்ணுக்குத் தெரிவதோ வெளிர் சாம்பல், நடுச் சாம்பல், அடர் சாம்பல், அவ்வளவுதான். மகன் என் முகத்தைப் பார்த்தான், சிரிப்பேன் என்று. நான் சிரிக்கவில்லை. எனக்கு என் சின்னம்மா ஞாபகம் வந்துவிட்டது.

சின்னம்மாவுக்கு அப்புறம் வருகிறேன். கார்ட்டூனை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குழம்பும்.

ஃபியூச்சராமா என்று ஓர் அமெரிக்கத் தொடர், பெரியவர்களுக்கான நகைச்சுவை. மேட் க்ரோனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹன் கூட இருந்து வளர்த்தது. 1999-ல் ஃபாக்ஸில் தொடங்கி, 2003-ல் நின்று, 2010-ல் காமெடி சென்ட்ரல் என்கிற வேறு சேனலில் எழுந்து உட்கார்ந்தது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற ஃபிரை என்கிற பையன் 1999-ன் கடைசி ராத்திரியில் ஓர் உறைபெட்டிக்குள் விழுந்து ஆயிரம் வருஷம் கழித்துக் கண் விழிக்கிறான், அங்கேயும் அவனுக்குக் கிடைப்பது டெலிவரி வேலைதான். கூடவே ஒற்றைக் கண் லீலா, கை சும்மா இருக்காத ரோபோ பெண்டர், தள்ளாத வயதில் ஒரு பேராசிரியர், நண்டு மாதிரி ஒரு டாக்டர், பெயர் சோய்ட்பெர்க். இவ்வளவு தெரிந்தால் போதும்.

மகன் காட்டியது 2011 செப்டம்பர் 8-ல் ஒளிபரப்பான பகுதி. 'ரீஇன்கார்னேஷன்', அதாவது மறுபிறவி. மூன்று குட்டிக் கதைகள்: ஒன்று 1930-களின் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் மாதிரி, ஒன்று பழைய வீடியோ கேம் மாதிரி, ஒன்று ஜப்பானிய அனிமே மாதிரி. அதே ஆட்கள், மூன்று வேறு உடம்பு.

உண்மையைச் சொன்னால், பாணி மாற்றிக் காட்டுகிற கார்ட்டூன்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஐந்து நிமிஷம் களிமண் பொம்மை, ஐந்து நிமிஷம் நீர்வண்ணம், ஐந்து நிமிஷம் காகித வெட்டு என்று வரும், தீபாவளிக்கு வாங்குகிற பிஸ்கட் டின் மாதிரி, மேல் தட்டில் எல்லா வகையும் அழகாக அடுக்கியிருக்கும், தின்று முடித்தால் எது என்ன ருசி என்று நினைவில் நிற்காது. வரைகிறவர்களுக்குக் கை பழகியிருக்கிறது என்பதைத் தவிர அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. இதையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் கதையில் ஃபிரை லீலாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டும், அதற்கு மோதிரத்துக்கு ஒரு கல் வேண்டும். டயமண்டியம் என்று ஒரு பொருள், வைரமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை, அதனால் ஆன வால்நட்சத்திரம் ஒன்று பூமிப் பக்கம் வருகிறது. ஒரு துண்டு வெட்டிக்கொள்ளப் போகிறான், வெட்ட முடியவில்லை, சரி என்று வெடி வைக்கிறான். வால்நட்சத்திரம் தூள் தூளாகி வானமெல்லாம் பரவி, அதில்தான் அந்த வானவில். மொத்தக் கதையும் போய்ச் சேருவது ஒரு நிறக் காட்சியில், படமோ கறுப்பு வெள்ளை.

பாணி யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது, ஃபிளைஷர் சகோதரர்கள், மாக்ஸும் டேவும். பெட்டி பூப் என்கிற கார்ட்டூன் நாயகி 1930-ல் அவர்கள் ஸ்டூடியோவில்தான் பிறந்தாள். கை கால்களில் மூட்டே இருக்காது, குழாய் மாதிரி வளையும், ஆட்கள் மட்டுமில்லாமல் நாற்காலி, நிலா, வீடு எல்லாமே தாளத்துக்கு எம்பிக் குதிக்கும். இந்த மூட்டில்லாத உடம்புக்கு அந்தத் தொழிலில் 'ரப்பர் ஹோஸ்' என்று பெயர், ரப்பர் குழாய். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், எங்கள் ஊர்ப் பால் இவ்வளவு தூரம் போய் ஒரு கலைக்கே பெயர் வைத்திருக்கிறதே என்று எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளையை இப்போது நாம் ஒரு அழகு என்று ரசிக்கிறோம். அவர்களுக்கு அது அழகாக வாய்த்ததில்லை, கையில் இருந்தது அதுதான். 1932-ல் டிஸ்னி முதன்முதலாக டெக்னிகலரின் மூன்று நிற முறையில், அதாவது முழு நிறத்தில், ஒரு கார்ட்டூன் எடுத்தார். எடுத்ததோடு, 1935 வரைக்கும் கார்ட்டூன்காரர்களில் வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார். கெட்டிக்காரர். ஃபிளைஷர் சகோதரர்கள் 1934-ல் கலருக்கு வந்தபோது இரண்டு சாய முறைதான் கிடைத்தது, அதில் எல்லா நிறமும் வராது. அதனால் சாம்பல் வானவில்லைப் பார்த்துவிட்டு வெறும் கிண்டல் என்று தாண்டிப் போக முடியவில்லை. அந்த வருஷங்களில் அவர்கள் ஸ்டூடியோவில் எவனாவது ஒருவன் உண்மையிலேயே இப்படி ஒரு வானவில்லைச் சாம்பலில் வரைந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

இப்போது சின்னம்மா.

நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒன்றில் இருந்தோம். இப்போது அங்கே போனால் ரப்பரைப் பார்க்க முடியாது, எல்லாம் செம்பனை. பழைய ரப்பர் மரம் பார்க்க ஆசைப்பட்டால் கோலா கங்சாருக்குப் போக வேண்டும், 1877-ல் கொண்டுவந்து நட்ட கன்றுகளில் ஒன்று மட்டும் அங்கே வேலிக்குள் நிற்கிறது, பக்கத்தில் அறிவிப்புப் பலகை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளிகளுக்கான வரிசை வீட்டில், பன்னிரண்டு வீடு, டிவி ஒரே வீட்டில், அது சின்னம்மா வீடு. பதினான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை. நாட்டில் கலர் ஒளிபரப்பு 1978 டிசம்பரிலேயே வந்துவிட்டது, எங்கள் லயத்துக்கு அது வந்து சேர இன்னும் பத்து வருஷம் ஆனது.

லயத்துக்கு அப்போது மின்சாரம் கிடையாது, லாரி பேட்டரியில்தான் டிவி ஓடும். சித்தப்பா சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். தமிழ்ப்படம் போடுகிற நாளைக்குக் கணக்குப் பண்ணிச் சேமித்து வைத்திருப்பார்கள், அப்படியும் படம் முடிகிற நேரத்துக்குப் பேட்டரி இறங்கிவிடும். இறங்கினால் டிவி பட்டென்று அணையாது, அது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும், சுற்றிக் கறுப்பு ஓரம் பெருகும், கதாநாயகன் கிளைமாக்ஸ் வசனத்தை ஒரு தீப்பெட்டி அளவுக்குப் போன சதுரத்துக்குள் நின்று பேசுவார். நாங்கள் முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்வோம். அப்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் அதுவும் இல்லை. மீதிக் கதையை யாராவது சொல்ல வேண்டும், ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலும் அது தொடரும்.

சித்தப்பா ஒரு தடவை பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கலர்த் தாள் வாங்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் தாள், மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை, டிவி முகத்தில் ஒட்டினால் கலர் டிவி. வானம் நீலம், புல் பச்சை, அதுவரைக்கும் சரி. ஆள் கிட்ட வந்தால்தான் வினை, எம்.ஜி.ஆருக்கு நெற்றி நீலம், மூக்கு காவி, தாடை பச்சை. சின்னம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அதைக் கிழித்து எறிந்தார். "எனக்கே தெரியும் என்ன கலருன்னு, இந்தத் தாளு வந்துதான் சொல்லணுமா?"

அவருக்குத் தெரியும்தான். அவர் காலையில் பால் வெட்டப் போகிறவர், விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடக்கிறவர், நிறமே இல்லாத நேரத்தில் வேலை பார்த்துப் பழகிய கண். படம் ஓடும்போது கதாநாயகி புதுச் சேலையில் வந்தால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: இது அரக்கு, இது வாடாமல்லி, இது கிளிப்பச்சை, பார்டர் மஞ்சள். யாரும் எதிர்க்க முடியாது. என் அக்கா ஒரு தடவை எதிர்த்துப் பார்த்தாள், ஒரு படத்தில் கதாநாயகி கோயிலுக்குக் கட்டிக்கொண்டு வரும் சேலையைச் சின்னம்மா மயில் கழுத்து என்றார், அக்கா மாம்பழ மஞ்சள் என்றாள், இரண்டு பேருக்கும் இரண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. நான் சின்னம்மா கட்சி. இன்றைக்கும் அந்தச் சேலையை நினைத்தால் எனக்கு மயில் கழுத்துதான் தெரிகிறது, அந்த நீலமும் பச்சையும் கலந்த மினுக்கு, வெயிலில் ஒரு பக்கம் திரும்பினால் ஒரு நிறம். சாம்பலாக அது என் நினைவில் இல்லவே இல்லை.

1988-ஓ 89-ஓ, சின்னம்மா வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. அதற்குள் லயத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரமும் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே படத்தை மறுபடி போட்டார்கள். சேலை ஒரு மாதிரி பழுப்பு. சாணித்தாள் நிறம். அக்கா சொன்னதும் இல்லை, சின்னம்மா சொன்னதும் இல்லை. எல்லாரும் சின்னம்மாவைப் பார்த்தோம். அவர் நிதானமாக எழுந்து டிவி பக்கத்தில் போய் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். "டிவி கெட்டுப்போச்சு" என்றார். மறுநாள் அதைத் துணியில் சுற்றி, மாமா கடைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

மாமா பட்டணத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார், ஒரு சீனர் சைக்கிள் கடைக்கும் ஒரு துணிக்கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில்தான் உள்ளே போக முடியும். நான் பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து ஈயம் பற்ற வைக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம். மாமா டிவியைத் திறக்கவே இல்லை. போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, இதுல கலரைக் கூட்டலாம், குறைக்கலாம். மாத்த முடியாது. நம்ம ஊரு டிவி பால் முறை." பால் என்பது PAL, கலர் ஒளிபரப்பு முறை ஒன்றின் பெயர். அமெரிக்காவில் வேறு முறை, அங்கே நிறம் வழியில் திரிந்துபோகும், அதனால் பச்சையைச் சிவப்புப் பக்கம் திருப்பிச் சரி பண்ண அவர்கள் டிவியிலேயே ஒரு திருகு இருக்கும். பால் முறையில் வரிக்கு வரி நிறத்தின் குறிப்பைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால் பிழை தன்னாலேயே அடிபட்டுப் போகும், அந்தத் திருகு தேவையில்லை. இதை நான் வீட்டில் வந்து விளக்கினேன். "பால் முறையா?" என்றார் சின்னம்மா. "இருபது வருஷமா பால் வெட்டுறேன், எனக்குத் தெரியாத பாலா?"

சரி, கார்ட்டூனுக்கு வருகிறேன்.

இரண்டாவது கதை பழைய வீடியோ கேம். எல்லாரும் கட்டம் கட்டமாக, நடக்கும்போது கால்களுக்கு இரண்டே நிலை. பேராசிரியர் டயமண்டியத்தில் ஒரு லென்ஸ் செய்து நுண்ணோக்கி பூட்டி, பொருள்களுக்கெல்லாம் அடியில் இருக்கிற மிகச் சிறிய அலகைப் பார்க்கிறார், அதிலிருந்து பிரபஞ்சத்தை நடத்துகிற கடைசி விதியையும் கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்ததும் இடிந்து போகிறார், இனிமேல் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. ஃபிரைதான் வந்து, ஏன் இந்த விதி, ஏன் வேறு ஒன்றாக இல்லை என்கிற வழிக்கு அவரைத் திருப்பி விடுகிறான். நல்ல கதை. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் நான் மகனை நிறுத்தச் சொன்னேன். இவ்வளவு நுணுக்கமான லென்ஸில் எட்டிப் பார்க்கிறார், தெரிவது என்ன? கட்டம். அந்த உலகத்தில் பேராசிரியரின் மூக்கே நாலைந்து கட்டம்தான், அதைவிட நுணுக்கமாக எதைக் காட்ட முடியும்?

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நிறமில்லாத படத்துக்கு வானவில் கதை. நுணுக்கமில்லாத படத்துக்கு நுண்ணோக்கிக் கதை. எது முடியாதோ அதையே பிடித்து ஒவ்வொரு பாணியின் தலையிலும் கட்டியிருக்கிறார்கள். முடவனைக் கூப்பிட்டுக் கொம்புத் தேனை எடுத்து வா என்று சொல்வது மாதிரி, அவனும் எடுத்து வந்துவிடுகிறான், அதுதான் அதிசயம். மகனிடம் சொன்னேன். அவன் இந்தப் பகுதியை ஐந்தாறு தடவை பார்த்தவன், "அட ஆமா லா" என்றான். அப்பாக்களுக்கு இந்த மாதிரி நாள் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும்.

வீடியோ கேம் விஷயத்தில் எனக்கு அவனைவிட அனுபவம் அதிகம். எங்கள் பட்டணத்தில் மைக்ரோ ஜீனியஸ் வந்த காலம் அது, நிண்டெண்டோவின் ஃபேமிகாமை அப்படியே பார்த்துச் செய்த பெட்டி. ஒரு கடையில் மணிக் கணக்குக்கு விடுவார்கள், நான் மாமாவிடம் வாங்குகிற காசு பாதி அங்கேதான் போனது. அசல் ஃபேமிகாம் 1983-ல் வந்தது, திரை அகலம் 256 புள்ளி, உயரம் 240, மொத்த உலகமும் அதற்குள் அடங்க வேண்டும். மாரியோவுக்கு ஏன் மீசை என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? 1981-ல் அவனை முதலில் வரைந்த நிண்டெண்டோக்காரர் மியாமோட்டோ, பதினாறு புள்ளிக் கட்டத்துக்குள் வாய் வரைய இடமில்லாமல் மூக்குக்குக் கீழே மீசையை வைத்தார், முடி வரைய முடியாமல் தொப்பி போட்டார். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அந்த மீசையைத் தெரியும். இடமில்லாததால் முளைத்த மீசை.

மாமா கடையில் ஒரு லென்ஸ் இருந்தது, கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே அது, சின்னச் சின்ன ரெசிஸ்டரின் வளையங்களைப் படிக்க. சின்னம்மாவின் டிவி கடையில் கிடந்த அந்த ஒரு நாளில் நான் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனேன். ஏதோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள், வாசிப்பவர் வெள்ளைச் சட்டை. சட்டைக்குள் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், சிவப்பு, பச்சை, நீலம், எறும்பு வரிசை மாதிரி. கொஞ்சம் நகர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன், அங்கேயும் அதே மூன்றுதான், மஞ்சள் கிடையாது, மாநிறம் கிடையாது. அப்படியானால் சின்னம்மா சேலையின் பழுப்பு? அதுவும் அங்கே இல்லை. அதையும் நம் கண்தான் கூட்டிச் சேர்த்திருக்கிறது. ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடி இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்: "பாத்தியா, பழுப்பு இல்லவே இல்லைங்குறான்."

மூன்றாவது கதை அனிமே. மகனுக்கு மூன்றில் இதுதான் உசத்தி, எனக்கு இதுதான் கொஞ்சம் கீழே, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. வால்நட்சத்திரத்தை வெடித்த கோபத்தில் வேற்றுக் கிரக வாசிகள் பூமியைத் தாக்க வருகிறார்கள். அவர்களுக்குப் பேச்சு கிடையாது, உடம்பசைவுதான் பாஷை. யார் போய் எவ்வளவு பேசினாலும் புரியாது. கடைசியில் டாக்டர் சோய்ட்பெர்க் சமாதானத்துக்காக ஒரு ஆட்டம் ஆடுகிறார். ஆட்டம், சரியா? இவர்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பாணியோ ஆட்களை அசைக்காமல் வைத்து வாயை மட்டும் திறந்து மூடுகிற மலிவு டிவி அனிமே. அதனால் நெளிந்து வளைந்து ஆட வேண்டிய அந்த நடனம், விறைத்து நிற்கிற படங்களாக வந்து போகிறது. முதலில் நிறம், அப்புறம் நுணுக்கம், இப்போது அசைவு.

இந்த மலிவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சினிமா நொடிக்கு 24 கட்டம். வசதியுள்ள ஸ்டூடியோக்கள் நொடிக்கு 12 படமாவது வரைவார்கள், வேகமான இடத்தில் 24-ம். 1963-ல் ஒஸாமு தெசுகா என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்காரர் ஜப்பான் டிவிக்கு வாராவாரம் அரை மணி நேரக் கார்ட்டூன் தருவதாக ஒப்புக்கொண்டபோது, வந்த காசுக்கும் இருந்த நாளுக்கும் அது கட்டுப்படியாகாது. நொடிக்கு எட்டுப் படம், முடிந்தால் அதற்கும் கீழே. ஆள் அப்படியே நிற்பான், பின்னால் வானம் ஓடும். ஒரு தடவை வரைந்த பறக்கும் காட்சியைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்தடுத்த வாரத்துக்கும் எடுத்துப் போடுவார்கள். நாங்கள் மலாயில் பேசும் ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஒருவன் குத்துவதற்குக் கையை ஓங்கினால் அந்தக் கை கீழே இறங்குவதற்குள் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. அந்த ஓங்கிய கைக்குள்தான் எல்லா விறுவிறுப்பும் இருந்தது.

நம் நாட்டிலும் இதைவிடக் கஷ்டப்பட்ட ஒருவர் உண்டு, இங்கே அவர் பெயரைச் சொல்லாமல் போனால் பாவம். ஆனந்தம் சேவியர். அரசாங்கத்தின் படத் தயாரிப்பு நிறுவனமான பிலிம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவர், நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமான 'ஹிகாயாத் சாங் கஞ்சில்', அதாவது சருகுமான் கதை, அவர் வரைந்தது. 1978-ல் தொடங்கி, வசதியும் காசும் இல்லாமல் இழுத்து, 1983-ல்தான் டிவியில் வந்தது. ஒரு சருகுமானை அசைய வைக்க அந்த மனிதருக்கு ஐந்து வருஷம். கார்ட்டூன் பார்க்கிற நம் வீட்டுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பெயர் தெரியாது, என் மகனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது கதை எனக்கு ஏன் கீழே என்றால், அதில் கிண்டல் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அனிமே என்றாலே எல்லாரும் செய்கிற கேலிதான், வேகமாகப் பேசுவது, காரணமில்லாமல் உணர்ச்சிவசப்படுவது, பெரிய ரோபோ. முதல் கதையில் ஃபிளைஷர் மேல் இருக்கிற ஆசை அதில் தெரியும், வரைந்தவன் ரசித்து வரைந்திருக்கிறான். மூன்றாவதில் அந்த ஆசை இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு அனிமே தெரியாது பா" என்கிறான் மகன். இருக்கலாம்.

ஆனால் அந்த நடனத்தை மட்டும் நான் அவனுக்கு விட்டுக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் அப்பா காவடி எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது, தைப்பூசம், கோயில் வாசல். அப்பாவின் ஆட்டத்தைப் பற்றிப் பழைய தோட்டத்து ஆட்கள் இன்னும் பேசுவார்கள், தப்பு அடிக்கிறவன் கை ஓயும் வரைக்கும் ஆடுவாராம். நான் கைப்பிள்ளை, பார்த்ததாக நினைவில்லை. இருப்பது அந்த ஒரு போட்டோதான். அதில் அப்பா கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருக்கிறார். இடது கால் பாதம் மட்டும் கலங்கிப் போயிருக்கிறது, போட்டோக்காரர் அழுத்திய நேரத்தில் அது தரையில் இல்லை. அவர் ஆட்டத்தில் எனக்குக் கிடைத்தது அந்தக் கலங்கல் மட்டும்தான், மீதியைச் சின்ன வயசிலிருந்து நானே ஆட வைத்துக்கொண்டிருக்கிறேன். சோய்ட்பெர்க் விறைத்து நின்ற அந்தப் படங்களைப் பார்த்தபோது மகன் விழுந்து விழுந்து சிரித்தான், நானும் சிரித்தேன், இடையில் ஒரு தடவை சுவரைப் பார்த்தேன்.

மகன் ஒன்று கேட்டான், இதை எழுதினவர்கள் இப்படியெல்லாம் யோசித்தா செய்திருப்பார்கள், சும்மா ஜோக்குதானே என்று. ஜோக்குதான். ஆனால் ஜோக்கு வேலை செய்வதற்கு அந்தச் சாம்பல் பட்டையை நான் ஒரு நொடியாவது வானவில்லாகப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது, பார்த்தால்தான் ஏமாறுவேன், ஏமாந்தால்தான் சிரிப்பு. அதைக் கலரில் எடுத்திருந்தால் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், வானவில் என்ன, தினமும் வாட்சாப்பில் காலை வணக்கத்தோடு நாலு வருகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். எழுபத்தெட்டு வயது, இப்போது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சின்ன மகனோடு இருக்கிறார், ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். மாமா காலமாகி, கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கவர் விற்கிறார்கள். சின்னம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, இத பாருங்க" என்று கைபேசியில் முதல் கதையைப் போட்டான். நான் வானவில் வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன், அவர் என்ன நிறமெல்லாம் சொல்லப் போகிறார் என்று.

வானவில் வந்தது. சின்னம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இந்தப் பிள்ளைக்கு ஏன்டா ஒத்தக் கண்ணு?"

"அது அப்படித்தான் பாட்டி, அதான் லீலா."

"பாவம். இந்தப் பையன் அவளைத்தான் கேக்குறானா?" கீரைக் காம்பை முறத்துக்கு வெளியே போட்டார். "கல்யாணம் ஆச்சா, ஆகலையா?"

மகன் என்னைப் பார்த்தான். "இதுல இல்ல பாட்டி. ரெண்டு வருஷம் கழிச்சு, வேற ஒரு பகுதியில ஆகும்."

"அது கலர்ல இருக்குமா?"

"அது கலருதான்."

சின்னம்மா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், அந்தக் கல்யாணம் பின்பக்கம் எங்கேயாவது இருக்குமோ என்பது போல. அப்புறம் அவனிடமே கொடுத்தார்.

"பொண்ணு என்ன சேலை கட்டியிருந்தா?"

மகன் தேட ஆரம்பித்தான்.